பெயர் சொன்னால் நாய் திரும்ப வேண்டும்

திருச்சி காட்டூரில் நாய் வளர்க்கும் வீடுகளில் முதலில் கற்றுக்கொடுப்பது ‘ஷேக் ஹேண்ட்’தான். வந்தவர்களிடம் காட்டிப் பெருமைப்பட நன்றாகவே இருக்கும். ஆனால் எதிர்ச்சாரியில் பூனையைக் கண்டு கயிற்றை உருவிக்கொண்டு தஞ்சாவூர் ரோட்டில் பாயும் நாயிடம் அந்த வித்தை எதற்கும் உதவாது. பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை சர்வீஸ் ரோடு கேட்டு நம் பகுதி மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடிவரும் சாலை அது. பேருந்தும் லாரியும் நாய்க்காக நிற்காது. பெயரைச் சொன்னதும் நாய் திரும்பிப் பார்க்க வேண்டும். மற்ற எல்லாப் பழக்கமும் அதற்குப் பிறகுதான்.

மனிதரைக் கவனிப்பது நாய்க்கு இயல்பிலேயே உண்டு. ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் ஆடம் மிக்லோஷி குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், வாய்க்கு எட்டாதபடி வைத்த இறைச்சியை எடுக்க முடியாதபோது நாய்கள் பக்கத்திலிருந்த மனிதரின் முகத்தைத் திரும்பிப் பார்த்தன. மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களோ இறைச்சியோடேயே மல்லுக்கட்டின. நம் நாட்டுத் தெருநாய்களும் இதில் சளைத்தவை அல்ல. கொல்கத்தா ஐசர் நிறுவனத்தின் அனிந்திதா பத்ரா குழுவினர் மூடிய இரண்டு கிண்ணங்களை வைத்து ஒன்றைச் சுட்டிக்காட்டினார்கள். ஏறக்குறைய பாதி நாய்கள் பயந்து கிட்டவே வரவில்லை. வந்தவற்றில் சுமார் 80 சதவீதம் கை காட்டிய கிண்ணத்துக்கே போயின. 2020-இல் வெளியான ஆய்வு இது. பயிற்சி என்ற சொல்லையே அறியாத நாய்கள் அவை.

பிறகு ஏன் வீட்டு நாய் கூப்பிட்டால் திரும்புவதில்லை? அதன் பெயரை நாமே தேய்த்துவிடுகிறோம். “மணி, செருப்பைக் கடிக்காதே”, “மணி, குரைக்காதே”, “மணி, மணி, மணி!” காலையிலிருந்து இரவுவரை இதுதான். இவ்வளவையும் மீறி அது வந்தால் பிடித்துச் சங்கிலியில் கட்டுகிறோம், இல்லையென்றால் குளிப்பாட்டுகிறோம். பெயரைக் கேட்டாலே ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று அது கற்றுக்கொள்கிறது. ஏற்கெனவே அந்த நிலைக்குப் போய்விட்டதென்றால் புதிதாக ஓர் அழைப்பைத் தொடங்குங்கள். ‘தோ தோ’ என்றாலும் போதும், நாக்கைத் தட்டும் ஒலியானாலும் சரி.

உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த கோழியைச் சுண்டைக்காய் அளவில் பிய்த்துக்கொள்ளுங்கள். அசைவம் சமைக்காத வீடென்றால் வெந்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு எடுத்துக்கொள்ளலாம். டீக்கடைப் பொறையைத் தினமும் பழக்க வேண்டாம். சாக்லேட், திராட்சை, வெங்காயம் மூன்றும் நாய்க்கு நஞ்சு. சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்பு, டிவியை அணைத்துவிட்டு, அறைக்குள் நின்று பெயரை ஒரே ஒருமுறை சொல்லுங்கள். முதலில் காது அசையும், பிறகு தலை திரும்பும், கடைசியில் கண் உங்கள் முகத்துக்கு வரும். கண் வந்த அதே நொடியில் ‘சரி’ என்று சொல்லி ஒரு துண்டு கொடுங்கள். தாமதித்துக் கொடுத்தால் எதற்காகக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. திரும்பவில்லையென்றால் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லாதீர்கள். ஓரடி நெருங்கிப்போய் மறுபடி தொடங்குங்கள். ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம் தாராளம். நீங்கள் கூப்பிடாமலேயே அது உங்களைப் பார்க்கும் தருணங்களும் உண்டு. பலர் கவனிக்காமல் விடும் அந்தப் பார்வைக்கும் ‘சரி’ சொல்லிக் கொடுங்கள். நாய் உங்களைத் தேடிப் பார்க்கத் தொடங்குவது அதிலிருந்துதான்.

வீட்டுக்குள் கச்சிதமாகத் திரும்பும் நாயை மறுநாளே கறிக்கடைப் பக்கம் கூட்டிப்போனால் எல்லாம் மறந்துபோகும். அறைக்குப் பிறகு மொட்டை மாடி, அப்புறம் கேட்டுக்கு உட்புறம், அதன் பின் ஆள் நடமாட்டம் தொடங்காத விடியற்காலைத் தெரு என்று போக வேண்டும். தெருநாய்களைத் தொலைவில் வைத்துப் பழக்குங்கள். உங்கள் நாய் வாயை மூடி, உடம்பை விறைத்து, கொடுத்த கோழியைக்கூட மோந்து பார்க்காமல் நின்றால் ரொம்ப நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். திட்டாமல் பின்வாங்குங்கள். கழுத்தை இறுக்கும் சங்கிலியை விட, மார்போடு மாட்டும் பட்டை நல்லது. சித்திரை, வைகாசியில் தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்கள் கை தாங்காத சூட்டை அதன் பாதமும் தாங்காது.

நம் ஊர் இனங்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கன்னியும் சிப்பிப்பாறையும் முயல் விரட்ட வளர்த்த நாய்கள். ஓடுவதைக் கண்டால் அவற்றின் காது அடைத்துக்கொள்ளும், அதைத் திமிர் என்று எண்ண வேண்டாம். அவற்றை நின்ற இடத்திலிருந்து கத்திக் கூப்பிடுவதை விட, கயிற்றைப் பிடித்தபடி எதிர்த்திசையில் நீங்கள் ஓடுவது பலன் தரும். ராஜபாளையம் விஷயம் வேறு. 2005-இல் அஞ்சல் தலையில் இடம்பெற்ற பெருமைக்குரிய அந்த வெள்ளை நாய்களில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் உண்டு. “சொல் பேச்சுக் கேட்காது” என்று அடிபடுபவற்றுள் இவையும் இருப்பதை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. குட்டி அசந்து தூங்கும்போது பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். பலமுறை குலுக்கியும் காது அசையவில்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காது கேட்காத நாயும் கைச்சைகைக்குத் திரும்பிப் பார்க்கப் பழகும், குரலின் இடத்தில் கை, அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: கண்ணைப் பார்ப்பதெல்லாம் வீட்டு நாயோடுதான். பழக்கமில்லாத நாயை உற்றுப் பார்த்தால் அது மிரட்டலாக எடுத்துக்கொள்ளும்.

எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும், எதைக் கடித்துக் குதறிவிட்டு வந்தாலும், கூப்பிட்டு வந்த நாயை அடிக்காதீர்கள்.