நிறுவனங்களில் புத்தாக்கத் திறனும் புத்தாக்கப் பண்பாடும்: கரிசல் வட்டார எடுத்துக்காட்டுகள்

புத்தாக்கம் என்பது புதிய எண்ணம் ஒன்றைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவது. கண்டுபிடிப்பும் புத்தாக்கமும் ஒன்றல்ல. ஒருவர் தனியே இருந்தும் ஒன்றைக் கண்டுபிடிக்கலாம். அது பட்டறைக்கோ வயலுக்கோ மருத்துவமனைக்கோ வந்து, பலர் கைபட்டு, அன்றாட வேலையாக மாறும்போதுதான் புத்தாக்கம் ஆகிறது. பொருளியல் அறிஞர் ஜோசப் சும்பீட்டர் 1911இல் வெளியான தம் நூலில் இதை ஐந்து வகையாகப் பிரித்தார்: புதிய பொருள், புதிய உற்பத்தி முறை, புதிய சந்தை, மூலப்பொருள் கிடைக்கும் புதிய இடம், தொழிலை அமைத்துக்கொள்ளும் புதிய முறை. மாணவர்களைக் கேட்டால் முதல் இரண்டை மட்டுமே சொல்வார்கள். கீழே வரும் எடுத்துக்காட்டுகளில் ஐந்தாவது வகைதான் அதிகம்.

புத்தாக்கத் திறன் என்பது ஒரு நிறுவனம் இதை ஒருமுறை மட்டுமல்லாமல் திரும்பத் திரும்பச் செய்வதற்கான ஆற்றல். வெளியிலுள்ள அறிவைக் கற்றுவரும் ஆட்கள், சோதித்துப் பார்க்க நேரமும் பணமும், கிடைத்த முடிவை எழுதிவைக்கும் வழக்கம் ஆகியவை அதற்கு வேண்டும். புத்தாக்கப் பண்பாடு என்பது வேறு. அங்கே வேலை செய்யும் ஒருவர் "இப்படிச் செய்து பார்க்கலாமா?" என்று கேட்டால் அடுத்து என்ன நடக்கும் என்பதே அது. சுவரில் மாட்டிய வாசகங்களில் அதைக் காண முடியாது. எதற்குக் கூலி, எதற்குத் தண்டனை, எந்தக் கணக்கு எழுதப்படுகிறது என்பவற்றைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர், சிவகாசி ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள பகுதி மானாவாரி நிலம். ஆண்டு மழை சுமார் 700 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடும். பயிரை மட்டும் நம்பி ஆண்டு முழுவதும் பிழைக்க முடியாத இந்த மண்ணில் மக்கள் வேறு வேறு தொழில்களை உருவாக்கிக்கொண்டார்கள். புத்தாக்கம் எப்போது வளர்கிறது, எப்போது முடங்குகிறது என்பதற்கு இவ்வட்டாரம் நல்ல பாடநூல்.

தீப்பெட்டித் தொழில்

சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடார், ஏ. சண்முக நாடார் ஆகிய இருவரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றனர். அடுத்த ஆண்டு ஊர் திரும்பித் தொழிலைத் தொடங்கினர். அறிவைத் தேடி வெளியே சென்று, அதைத் தம் ஊரின் நிலைமைக்கு ஏற்ப மாற்றிக்கொண்ட செயல் இது. இத்தகைய திறனுக்கு மேலாண்மை நூல்களில் 'உட்கிரகிக்கும் திறன்' என்று பெயர். கோஹனும் லெவிந்தாலும் 1990இல் எழுதிய கட்டுரைக்குப் பின் அச்சொல் பரவியது. செயல் அதற்கு அறுபத்தெட்டு ஆண்டுகள் மூத்தது.

வறண்ட காற்று, மலிவான கூலி, வேலை தேடும் குடும்பங்கள் ஆகியவற்றால் தொழில் சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை வரை பரவியது. ஊர்க்காரர்கள் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, 'தீப்பெட்டி ஆபீஸ்' என்றே சொல்வார்கள். குச்சியைச் சட்டத்தில் வரிசையாகச் செருகுவது 'கட்டை அடுக்குதல்'. பின் மருந்தில் முக்குதல், பெட்டியில் அடைத்தல், லேபிள் ஒட்டுதல், பண்டல் போடுதல். இவற்றில் பல வேலைகளை வீட்டுத் திண்ணைக்கே அனுப்பிச் செய்து வாங்கினார்கள். பெரும்பாலும் பெண்களின் கைகளே இத்தொழிலைத் தாங்கின.

போட்டிக்கு நின்றது சுவீடன் நாட்டு மூலதனத்தில் 1920களில் வந்த விம்கோ நிறுவனம். அது முழுக்க இயந்திரத்தால் தீப்பெட்டி செய்தது. சிறு உற்பத்தியாளர் அதன் முன் நிற்க வேண்டுமென்றால் ஏதாவது துணை வேண்டும். 1934இல் வந்த உற்பத்தி வரி பின்னாளில் அந்தத் துணையாயிற்று. உற்பத்தி அளவைப் பொறுத்து வரி விகிதம் பிரிக்கப்பட்டது. சிறிய ஆலைக்குக் குறைந்த வரி. பிற்காலத்தில் இன்னொரு நிபந்தனையும் சேர்ந்தது. கட்டை அடுக்குதல், மருந்து முக்குதல், பெட்டி அடைத்தல், லேபிள் ஒட்டுதல், பொதிதல் ஆகிய வேலைகளில் எதையும் மின்விசையால் செய்யாமல் இருந்தால்தான் கைத்தொழில் சலுகை.

இதன் விளைவை மாணவர்கள் நின்று கவனிக்க வேண்டும். சலுகையின் நோக்கம் நல்லது. பல்லாயிரம் குடும்பங்களுக்கு அது கஞ்சி ஊற்றியது. ஆனால் முதலாளியின் கண்ணோட்டத்தில் பாருங்கள். ஆலையைப் பெரிதாக்கினால் வரி கூடும். ஆகவே ஒரே குடும்பம் பல பெயர்களில் பல சிறு ஆலைகளை நடத்தியது. ஒரு மோட்டார் மாட்டினால் வரி கூடும்; ஆகவே மோட்டார் மாட்டவில்லை. புத்திசாலித்தனம் அங்கே குறைவாக இருந்ததாகச் சொல்ல முடியாது. விடியற்காலையில் ஊர் ஊராக வண்டி அனுப்பி ஆள் ஏற்றுவது, வேலையைக் கிராமங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது, வடநாட்டுச் சந்தையைப் பிடிப்பது, எழுத்தறியாதவரும் அடையாளம் காணும் லேபிள் படங்கள் என அது வேறு திசைகளில் நன்றாகவே வேலை செய்தது. செய்முறை மட்டும் பல பத்தாண்டுகள் அசையாமல் நின்றது.

கூலி முறையும் அதே பக்கம்தான் இழுத்தது. அடுக்கிய கட்டைக்கும் அடைத்த பெட்டிக்கும் எண்ணிக் கூலி. கை வேகமான பெண் கூடுதலாகச் சம்பாதிக்கலாம். ஆனால் 'சட்டத்தின் இடைவெளியைக் கொஞ்சம் மாற்றினால் குச்சி சாயாது' என்று அவளுக்குத் தோன்றினால், அதைச் செய்து பார்க்கும் அரை மணி நேரத்துக்கு யார் கூலி தருவார்? வேலையை நன்கு அறிந்தவருக்குச் சோதிக்க நேரம் இல்லை. நேரமிருந்தவருக்கு வேலை தெரியாது. குழந்தைகளை இத்தொழிலில் அமர்த்திய கொடுமையும் இங்கேதான் வேர்கொண்டது என்பது என் கருத்து. மலிவான விரல்கள் கிடைக்கும்வரை மாற்று வழியைத் தேட எவருக்கும் அவசரமில்லை. 1986ஆம் ஆண்டுச் சட்டமும், சிவகாசி ஆலைகள் தொடர்பாக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் வழங்கிய தீர்ப்பும் அந்தக் கதவை மூடத் தொடங்கின. பின்னர் பிள்ளைகள் படித்து வேறு வேலைகளுக்குப் போனார்கள். ஆள் பற்றாக்குறை வந்தது. அதன் பிறகே அடுக்குவதற்கும் முக்குவதற்கும் அடைப்பதற்கும் இயந்திரங்கள் பரவி, பகுதி இயந்திரத் தீப்பெட்டி ஆலைகள் பெருகின.

2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோதும் கைத்தொழில் தீப்பெட்டிக்கு 5 விழுக்காடு, மற்றவற்றுக்கு 18 விழுக்காடு என்ற பிரிவு தொடர்ந்தது. 2020 ஏப்ரல் முதல் இரண்டுக்கும் ஒரே விகிதமாக 12 விழுக்காடு ஆக்கப்பட்டது. இயந்திரம் மாட்டியவருக்கென்று இருந்த கூடுதல் வரி அன்றோடு போயிற்று. ஆனால் அதற்குள் மலிவான பிளாஸ்டிக் லைட்டர் சந்தைக்குள் நுழைந்திருந்தது. 2007இல் ஒரு ரூபாயான தீப்பெட்டி, 14 ஆண்டுகள் கழித்து 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆனது. இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதியை மத்திய அரசு 2023இல் தடை செய்தது. பாதுகாப்பு தேவைதான். எனினும் பாதுகாப்பின் நிழலில் இருக்கும் காலத்தில் தொழில் என்ன கற்றுக்கொள்கிறது என்பதே முக்கியம்.

கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம்

நகரை ஒட்டி 1901 முதல் இயங்கிவரும் இந்நிலையம் தற்போது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ளது. கருங்கண்ணிப் பருத்தியில் தொடங்கி, சோளம், மிளகாய் எனப் பல பயிர்களில் 'கே' என்ற எழுத்தோடு இங்கிருந்து ரகங்கள் வெளிவந்தன. கே 8 சோளமும் கே 1, கே 2 மிளகாயும் இவ்வட்டார உழவர்க்குப் பழகிய பெயர்கள். கே என்பது கோவில்பட்டியின் முதலெழுத்து.

இங்கே வளர்ந்த முறைகளுள் பருவமழைக்கு முந்திய விதைப்பு குறிப்பிடத்தக்கது. புழுதியில் விதைப்பது கரிசல் உழவர்களுக்குப் புதிதன்று. எந்த வாரத்தில் விதைப்பது, எவ்வளவு ஆழத்தில் போடுவது, விதையை எந்தக் கரைசலில் ஊறவைத்து உலர்த்திக் கடினப்படுத்துவது என்பதை நிலையம் ஆண்டுக்கணக்கில் அளந்து வரையறுத்தது. சோளத்தை 5 சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்தால், சிறு தூறலுக்கு அது முளைத்து ஏமாறாது. மண் நன்கு நனையும் மழைக்கே முளைக்கும். உழவரின் பழக்கத்தை இகழாமல் எடுத்து, அளவுகோல் வைத்து, அவரிடமே திருப்பிக் கொடுத்த வேலை இது. மழை பொய்த்த ஆண்டின் பதிவேடும் இத்தகைய இடத்தில் வீண் அல்ல. வறட்சி தாங்கும் ரகம் எது என்று அந்த ஆண்டில்தான் தெரியும். தோல்வியான சோதனையின் கணக்கைக் கிழித்தெறியும் நிறுவனத்துக்கு இந்த வசதி இல்லை.

எட்டயபுரத்துக்காரர் மதுரையில் செய்தது

எட்டயபுரம் அருகே அயன் வடமலாபுரத்தில் 1918இல் பிறந்தவர் மருத்துவர் கோ. வெங்கடசாமி. முடக்குவாதத்தால் இளமையிலேயே விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களாலேயே கண் அறுவை செய்யப் பழகினார். அரசுப் பணியிலிருந்து 58ஆம் வயதில் ஓய்வு பெற்று, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஓய்வுக்குப் பின் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பெயர் இது.

கண்புரையை நீக்கும் முறையை அவர் கண்டுபிடிக்கவில்லை. அறுவை அரங்கை மாற்றி அமைத்தார். ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளி ஆயத்தமாக இருப்பார். மருத்துவர் நுண்ணோக்கியைத் திருப்பிக்கொண்டு வேலையைத் தொடர்வார். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்து இரண்டாண்டு பயிற்சி தந்து, பரிசோதனை முதல் அறுவைக்கு உதவுவது வரை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். மருத்துவர் மட்டுமே செய்யக்கூடிய வேலை மருத்துவரிடம் நின்றது. அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் உணவகங்கள் எங்கும் ஒரே தரத்தில் நடப்பதைப் பார்த்து வெங்கடசாமி வியந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. பணம் கட்டக்கூடியவர் கட்டினார். அந்த வரவிலிருந்து ஏழைகளுக்கு இலவசமாகச் சிகிச்சை நடந்தது.

எனக்கு இவற்றைவிடப் பெரிதாகத் தோன்றுவது கிராம முகாம்களில் நடந்தது. அறுவை இலவசம் என்று சொல்லியும் பலர் வரவில்லை. அவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்கிவிடாமல், ஏன் வரவில்லை என்று விசாரித்தார்கள். பேருந்துக் கட்டணம், சாப்பாடு, துணைக்கு வருபவரின் கூலி இழப்பு, பயம் ஆகியவையே தடை என்று தெரிந்தது. அதன் பின் வண்டியில் ஏற்றிவந்து, உணவளித்து, தங்கவைத்துத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு வந்தது. கண்ணுக்குள் பொருத்தும் வில்லை வெளிநாட்டிலிருந்து வந்தவரை ஏழைக்கு எட்டவில்லை. 1992இல் ஆரோலேப் என்ற சொந்த ஆலையைத் தொடங்கித் தாமே தயாரித்தார்கள். விலை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. அதே காலத்தில் லைக்கோ என்ற பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கி, மற்ற மருத்துவமனைகளுக்கும் தம் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள்.

அறுவையில் நேரும் சிக்கல்களைப் பதிந்து, கூடிப் பேசி, முறையைத் திருத்துவதும் அங்கே வழக்கம். எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்க மருத்துவமனைகளை ஆராய்ந்து 1996இல் எழுதியதை இங்கே நினைக்கலாம். நன்றாகச் செயல்படும் குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகமாகத் தவறு செய்தார்கள் என்று அதற்குப் பொருளில்லை, பயமின்றிச் சொன்னார்கள். வகுப்பறையிலும் அப்படித்தான். கை தூக்கித் தப்பான விடை சொல்லும் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்பதைப் பார்த்துத்தான் மற்ற நாற்பது பேரும் வாய் திறப்பார்கள்.

இலாபம் கருதும் ஆலைகளிலும் இது முடியும். டொயோட்டா 1951இல் தொழிலாளர் யோசனைத் திட்டத்தைத் தொடங்கியது. சென்னையின் சுந்தரம் கிளேட்டன் 1998இல் இந்தியாவிலேயே முதலாவதாக டெமிங் பரிசு பெற்றது.

ஊரே ஒரு நிறுவனமாகும்போது

கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைக் கேட்டு விண்ணப்பித்தது தனி ஒரு கடை அல்ல, உற்பத்தியாளர்களின் சங்கம். தனித்தனியே போட்டியிடும் கடைகள் ஒரு பெயருக்காகச் சேர்ந்து நின்றதே இங்கே புதுமை. பாகின் பதத்தைக் கைப்பழக்கத்தால் அறிந்திருப்பவர் தம் காலத்துக்குப் பின்னும் அது நிலைக்க வேண்டுமென்றால் எழுதியும் கற்றுக்கொடுத்தும் வைக்க வேண்டும். குறியீடு பெறுவதற்குச் செய்முறையை எழுத்தில் தர வேண்டியிருந்தது அதற்கு உதவும்.

இப்பொருளில் திட்டக்கட்டுரை எழுதும் மாணவர்கள் தம் ஊரிலேயே ஒரு நிறுவனத்தைத் தேர்ந்துகொள்ளலாம். நூற்பாலை, அச்சகம், கூட்டுறவுச் சங்கம், பேருந்துப் பணிமனை எதுவானாலும் சரி. மேலாளரிடம் "இங்கே புத்தாக்கம் உண்டா?" என்று கேட்க வேண்டாம்; உண்டு என்றுதான் சொல்வார். கடந்த ஓராண்டில் வேலைமுறையில் மாறியது என்ன, அதை முதலில் சொன்னவர் யார், சோதித்த நாளில் அவருக்குக் கூலி கிடைத்ததா என்று கேளுங்கள். சரிவராமல் கைவிட்ட முயற்சி ஏதாவது உண்டா, அதை எந்த நோட்டில் எழுதியிருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். அதே கேள்விகளை இயந்திரத்தின் அருகே நிற்பவரிடம் தனியாகக் கேட்டு, இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.