நாடே சிரித்த அணி அடுத்த வருஷமே சாம்பியன்! 'பேக் லைன்' தடுப்பு ஆட்டம் என்றால் என்ன?

கூடைப்பந்தில் கைதட்டல் எல்லாம் பந்தை கூடையில் போடுகிறவருக்குத்தான். போடவிடாமல் தடுக்கிறவரை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் தடுப்பு ஆட்டத்தை நம்பியே ஒரு கல்லூரி அணி நாட்டிலேயே முதல் இடத்துக்கு வந்தது. நாடே சிரிக்கும்படி தோற்றது. அடுத்த வருஷமே, அதே தடுப்பு ஆட்டத்தோடு கோப்பையையும் தூக்கியது. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக அணியின் கதை இது.

அப்பா போட்ட கோடு

இந்த அணியின் பயிற்சியாளராக இருந்தவர் டோனி பென்னட். அவரது அப்பா டிக் பென்னட்டும் பயிற்சியாளர்தான். 2000-ம் ஆண்டு விஸ்கான்சின் அணியை தேசிய போட்டியின் அரை இறுதி வரை கொண்டு போனவர். 'பேக் லைன்' என்ற தடுப்பு முறையை உருவாக்கியவர் அவர். மகன் அதை வர்ஜீனியாவுக்கு எடுத்து வந்தார்.

வாசலில் ஒருத்தர், உள்ளே நாலு பேர்

சாதாரணமாக ஆளுக்கு ஆள் தடுக்கும்போது ஒவ்வொருவரும் தன் ஆளோடு ஒட்டிக்கொண்டே திரிவார்கள். பந்து வைத்திருப்பவர் தன் முன்னால் நிற்பவரை ஏமாற்றிவிட்டால் அவ்வளவுதான், கூடை வரை வழி திறந்து கிடக்கும்.

பேக் லைனில் அப்படி இல்லை. கூடையில் இருந்து சுமார் 16 அடி தூரத்தில் வளைவாக ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். தரையில் அந்த கோடு இருக்காது, மனக்கணக்குதான். பந்து வைத்திருப்பவரை நெருக்க ஒருத்தர் மட்டும் கோட்டை தாண்டி வெளியே போவார். மற்ற நாலு பேரும் கோட்டுக்கு உள்ளேயே நிற்பார்கள். ஒரு கண் தன் ஆள் மேல், ஒரு கண் பந்து மேல்.

பந்து வேறு ஒருத்தர் கைக்கு போனதும் அவரை தடுக்க வேண்டியவர் வெளியே ஓடுவார். அதுவரை நெருக்கிக் கொண்டிருந்தவர் உள்ளே வந்துவிடுவார். பந்து கை மாறும்போதெல்லாம் இந்த ஓட்டம்தான்.

இதனால் என்ன லாபம்? கூடைக்கு பக்கத்தில் இருந்து போடுவதுதான் சுலபம். அந்த இடத்தில் கூட்டம் நிற்கிறது. வேறு வழி இல்லாமல் தூரத்தில் இருந்து வீச வேண்டும். கல்லூரி ஆட்டத்தில் 30 விநாடிக்குள் வீசியாக வேண்டும் என்பதால் எதிரிக்கு பதற்றம் வேறு.

தொழில்முறை என்.பி.ஏ. ஆட்டத்தில், யாரையும் தடுக்காமல் கூடைக்கு முன்னால் 3 விநாடிக்கு மேல் சும்மா நிற்கக் கூடாது. கல்லூரி ஆட்டத்தில் தடுப்பவர்களுக்கு அந்த விதி கிடையாது. அதனால்தான் உள்ளே அடைத்து நிற்க வசதி.

அந்த ஒரு ராத்திரி

2017-18 சீசனில் வர்ஜீனியாவிடம் எதிரணிகள் ஒரு ஆட்டத்துக்கு சராசரியாக 54 புள்ளி வாக்கில்தான் எடுத்தன. 31 வெற்றி, 2 தோல்வியோடு முதல் தர அணியாக தேசிய போட்டிக்கு வந்தது. முதல் ஆட்டம், பட்டியலில் கடைசி தரமான 16-ம் தர அணியோடு. ஆண்கள் போட்டியில் அதுவரை அப்படி நடந்த 135 ஆட்டங்களிலும் முதல் தர அணிதான் ஜெயித்திருந்தது.

2018 மார்ச் 16, சார்லட் நகரம். எதிரணி யு.எம்.பி.சி. எனப்படும் மேரிலாண்ட்-பால்டிமோர் கவுண்டி பல்கலைக்கழகம். பாதி ஆட்டத்தில் 21-21. அடுத்த பாதியில் மட்டும் யு.எம்.பி.சி. 53 புள்ளி குவித்தது! முடிவில் 74-54. வர்ஜீனியா மண்ணை கவ்வியது.

ஓட்டை எங்கே?

உள்ளே நாலு பேர் நின்றால் வெளியே இடம் காலியாகத்தானே இருக்கும்? யு.எம்.பி.சி. வீரர்கள் வேகமாக உள்ளே புகுந்து தடுப்பவர்களை இழுத்தார்கள், பிறகு வெளியே பந்தை தள்ளினார்கள். ஓடி வந்து மறைப்பதற்குள் வீச்சு முடிந்துவிட்டது. தூரத்தில் இருந்து வீசிய 24 மூன்று புள்ளி வீச்சில் 12 உள்ளே விழுந்தது. வர்ஜீனியா வீசியதோ 22, விழுந்தது 4.

இன்னொரு சிக்கல், வர்ஜீனியா நிதானமாக ஆடுகிற அணி. பின்தங்கிவிட்டால் வேகமாக துரத்திப் பிடிப்பது கஷ்டம். உயரமான வீரர் டிஆண்ட்ரே ஹன்டரும் மணிக்கட்டு முறிந்து ஆட முடியாமல் இருந்தார்.

கைவிடவில்லை

டோனி பென்னட் தாக்குதலில் சில மாற்றம் செய்தார். தடுப்பு முறையை மட்டும் மாற்றவில்லை.

2019-ல் மறுபடியும் 16-ம் தர அணியோடு முதல் ஆட்டம். கார்ட்னர்-வெப் அணியிடம் ஒரு கட்டத்தில் 14 புள்ளி பின்தங்கியது வர்ஜீனியா. போன வருஷக் கதைதானா என்று ரசிகர்களுக்கு வயிற்றை கலக்கியது. ஆனால் 71-56 என்று மீண்டு வந்தது. அரை இறுதியில் ஆபர்ன் அணியிடம் 2 புள்ளி பின்தங்கி, 0.6 விநாடி மட்டும் மிச்சம் இருந்தபோது கைல் கை மூன்று பிரீ த்ரோவையும் போட்டார். 63-62!

ஏப்ரல் 8, மினியாபொலிஸ் நகரில் இறுதி ஆட்டம். எதிரே தடுப்பில் பெயர் எடுத்த இன்னொரு அணியான டெக்சாஸ் டெக். கூடுதல் நேரம் வரை போய் 85-77 என்று வென்றது வர்ஜீனியா. போன வருஷம் ஆட முடியாமல் போன ஹன்டர்தான் 27 புள்ளி எடுத்தார். ஆண்கள் கூடைப்பந்தில் அந்த பல்கலைக்கழகத்துக்கு அதுதான் முதல் தேசிய சாம்பியன் பட்டம்.

டோனி பென்னட் 2024 அக்டோபரில் ஓய்வு பெற்றார். அப்பா போட்ட கோட்டை இன்றைக்கும் பல பயிற்சியாளர்கள் சொல்லித் தருகிறார்கள். அடுத்த முறை கூடைப்பந்து பார்க்கும்போது பந்தை கொஞ்சம் விட்டுவிட்டு, பந்துக்கு தூரமாக நிற்கும் அந்த நாலு பேரை பாருங்கள். ஆட்டமே வேற மாதிரி தெரியும்.