கலப்பின மகிழுந்துகளில் குளிரூட்டலும் வெப்பமூட்டலும்

ஹைபிரிட் கார் என்று பரவலாக அழைக்கப்படும் கலப்பின மகிழுந்து, பெட்ரோல் எஞ்சினையும் மின்னோடியையும் சேர்த்துப் பயன்படுத்தும் வண்டியாகும். இதில் எஞ்சின் அடிக்கடி தானாக நின்று, தேவைப்படும்போது மீண்டும் இயங்கும். சாதாரண மகிழுந்திலோ குளிரூட்டி, வெப்பமூட்டி இரண்டும் எஞ்சினையே நம்பியுள்ளன. ஆகவே, எஞ்சின் நின்றிருக்கும்போது வண்டியின் உள்ளறையை எவ்வாறு இதமாக வைப்பது என்பது கலப்பின மகிழுந்தின் வடிவமைப்பில் ஒரு முக்கியக் கேள்வியாகும். கோடையில் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டும் நாட்கள் உள்ள திருநெல்வேலி போன்ற ஊர்களில், வண்டி வாங்குவோரும் பழுதுபார்ப்போரும் இதை அறிந்திருப்பது அவசியம்.

குளிர்ச்சி உண்டாகும் முறை

தாமிரபரணிப் பள்ளத்தாக்கிலுள்ள காருகுறிச்சியில் மண்பானைகள் வனையப்படுகின்றன. பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, அதற்குரிய வெப்பத்தை உள்ளிருக்கும் நீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது; அதனால் பானைத் தண்ணீர் குளிர்கிறது. மகிழுந்துக் குளிரூட்டியும் இதே விதிப்படிதான் இயங்குகிறது. பானையில் ஆவியான நீர் காற்றோடு போய்விடும். மகிழுந்திலோ குளிர்பொருள் மூடிய குழாய்களுக்குள் மீண்டும் மீண்டும் சுற்றிவருகிறது.

குளிர்பொருளாகப் பரவலாகப் பயன்படும் ஆர்-134ஏ, இயல்பான காற்றழுத்தத்தில் ஏறத்தாழ -26 பாகை செல்சியசிலேயே கொதிக்கும். கம்ப்ரசர் எனப்படும் அமுக்கி இதன் ஆவியை அழுத்திச் சூடாக்குகிறது. வண்டியின் முகப்பிலுள்ள கண்டென்சரில் அது வெளிக்காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்துத் திரவமாகிறது. பின்னர் ஒரு குறுகிய வால்வு வழியாக வெளிவரும்போது அழுத்தம் சட்டெனக் குறைகிறது. உள்ளறைப் பக்கமுள்ள ஆவியாக்கியில் அது மீண்டும் ஆவியாகி, அங்கு வீசும் காற்றைக் குளிர்விக்கிறது.

அமுக்கியை இயக்குவது எது?

சாதாரண மகிழுந்தில் எஞ்சினுடன் பெல்ட்டால் இணைக்கப்பட்ட அமுக்கி, எஞ்சின் நின்றால் தானும் நின்றுவிடும். கலப்பின மகிழுந்துகளில் இதற்கு மூன்று வழிகள் கையாளப்பட்டுள்ளன.

1. பெல்ட் அமுக்கி: 1997-இல் ஜப்பானில் அறிமுகமான முதல் டொயோட்டா பிரியசில் இம்முறையே இருந்தது. இன்றைய மைல்டு ஹைபிரிட் வண்டிகளிலும் பொதுவாக இதுவே உள்ளது.
2. இரட்டை அமுக்கி: 2008-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஹோண்டா சிவிக் ஹைபிரிடில், அமுக்கியின் ஒரு பகுதியை எஞ்சினும் மற்றொன்றை மின்னோடியும் இயக்கின.
3. மின் அமுக்கி: 2003-இல் வந்த இரண்டாம் தலைமுறை பிரியசில் பெல்ட் நீக்கப்பட்டது. மின்கலத்தின் உயர் அழுத்த நேர்மின்சாரத்தை இன்வெர்ட்டர் மாறுமின்சாரமாக்கி அமுக்கியின் மின்னோடிக்கு அளிக்கிறது. தேவைக்கேற்ப அமுக்கியின் வேகம் கூடும், குறையும்.

2022-இல் வந்த மாருதி சுசுக்கி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் ஆகியவை ஒரே பெயரில் மைல்டு, ஸ்ட்ராங் என இரு வகைகளிலும் விற்பனைக்கு வந்தன. வண்ணார்பேட்டை நெரிசலில் நடுப்பகலில் எஞ்சின் நின்றால், மைல்டு வகையில் விசிறி மட்டுமே சுழலும். உள்ளறை சூடானதும் குளிரூட்டிக்காகவே எஞ்சின் மீண்டும் இயங்கத் தொடங்கும். ஸ்ட்ராங் வகையில் எஞ்சின் நின்றாலும் குளிர்ச்சி தொடரும். ஆனால் இவ்வகை வண்டிகளின் மின்கலம் பெரும்பாலும் 1 கிலோவாட் மணி அளவை ஒட்டியதே. அதிலும் ஒரு பகுதியே பயன்படுத்தப்படும். குளிரூட்டி 1 கிலோவாட் திறனை எடுத்துக்கொண்டால் அரைமணி நேரம் தாங்குவதே கடினம். பிறகு மின்னேற்றத்துக்காக எஞ்சின் தானாக இயங்கும். ஆகவே குளிர்ச்சிக்கான ஆற்றலும் இறுதியில் பெட்ரோலிலிருந்தே வருகிறது.

வெப்பமூட்டல்

வெப்பமூட்டலில் நிலைமை வேறு. எஞ்சினைச் சுற்றிச் சூடேறிய குளிர்நீர்மம், உள்ளறையின் சிறு ரேடியேட்டர் வழியே ஓடிக் காற்றைச் சூடாக்கும். இது எஞ்சின் வீணாக்கும் வெப்பம். கலப்பின வண்டியின் எஞ்சின் அடிக்கடி நிற்பதாலும், வெப்பத்தைக் குறைவாக வீணாக்குவதாலும் இந்த இலவச வெப்பம் குறைகிறது. எனவே குளிர் நாடுகளில் வெப்பமூட்டிக்காகவே எஞ்சின் இயங்கி, எரிபொருள் செலவு கூடுகிறது. இதைக் குறைக்க, சூடேறச் சூடேறத் தன் மின்தடையைக் கூட்டித் தன்னையே கட்டுப்படுத்திக்கொள்ளும் பீங்கான் மின்சூடாக்கி பயன்படுகிறது. 2009-இல் வந்த மூன்றாம் தலைமுறை பிரியசில் புகைக்குழாய் வெப்பத்தை மீட்கும் அமைப்பும் சேர்க்கப்பட்டது.

நெல்லைச் சமவெளியில் வெப்பமூட்டி அரிதாகவே தேவைப்படும். ஆனால் மழைக்காலத்தில் மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும் மலைச்சாலையில் முன்கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்து பார்வையை மறைக்கும். அப்போது குளிரூட்டி, வெப்பமூட்டி இரண்டையும் சேர்த்தே இயக்க வேண்டும். ஆவியாக்கி காற்றின் ஈரத்தை நீராக்கி வெளியேற்றும். வெப்பமூட்டி அந்த உலர்காற்றைச் சூடாக்கிக் கண்ணாடிக்கு அனுப்பும்.

கவனிக்க வேண்டியவை

* பல கலப்பின வண்டிகளில் மின்கலம் உள்ளறைக் காற்றாலேயே குளிர்விக்கப்படுகிறது. பின் இருக்கையருகே உள்ள காற்றுத் துளையைப் பையாலோ துணியாலோ மறைத்தால் மின்கலம் சூடேறி, அதன் ஆயுள் குறையும்.
* மின் அமுக்கிக்கு மின்சாரத்தைக் கடத்தாத எஸ்டர் வகை எண்ணெய் தேவை. பெல்ட் அமுக்கிகளுக்கான பிஏஜி எண்ணெய் கலந்தால் மின்காப்பு கெடும். குளிர்பொருள் நிரப்பும் கருவியில் மிஞ்சிய பழைய எண்ணெயும் கேடு தரும்.
* ஆரஞ்சு நிறக் கம்பிகளில் உயர் அழுத்த மின்சாரம் பாய்கிறது. பயிற்சி பெறாதவர் தொடலாகாது.
* முகப்பில் "ரெடி" விளக்கு எரிந்தால், சத்தம் இல்லாவிட்டாலும் வண்டி இயக்கத்தில் உள்ளது. எஞ்சின் எந்நேரமும் தானாக இயங்கும். மூடிய கொட்டகையில் குளிரூட்டியைப் போட்டு உறங்கினால், புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கக்கூடும். அது நிறமும் மணமும் அற்றது.