தேய்ந்ததும் தேயாததும்

போடிநாயக்கனூரில் விடியற்காலை நான்கு மணிக்குக் கண் விழிப்பவர்களுக்கு, மலையிலிருந்து இறங்கும் குளிர்காற்றோடு ஜீப்புகளின் உறுமலும் சேர்ந்தே பழக்கமாகியிருக்கும். தூக்குச்சட்டியும் தலையில் கட்டிய துண்டுமாகத் தெருமுனையில் காத்து நிற்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு, 17 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு ஏறி, எல்லைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் அவர்களை இறக்கிவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் அதே வளைவுகளின் வழியே அவர்களைக் கீழே கொண்டுவந்து சேர்க்கும் அந்த வண்டிகளில் சில, தம்மை ஓட்டுகிறவர்களைக் காட்டிலும் வயதில் மூத்தவை. அவற்றின் அடிவயிற்றில் சுழலும் இரும்பை நம்பித்தான் அநேகம் குடும்பங்களின் அன்றாட அடுப்பு எரிகிறது என்பதை எண்ணும்போது, அந்த இரும்பைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகவே எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

பூப்பாறைக்கு அருகே சிறியதோர் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் என் நண்பரிடம், 1960களின் பிற்பகுதியில் பம்பாயில் மகிந்திரா தொழிற்சாலையில் உருவான சி.ஜே.3பி ஜீப் ஒன்று இருக்கிறது. பெட்ரோல் என்ஜினை எப்போதோ கழற்றி டீசல் என்ஜின் வைத்துவிட்டார்கள். ஆனால் கியர் பாக்ஸும் அதற்குப் பின்னாலுள்ள உறுப்புகளும் பூர்வீகமானவையே. அந்த வண்டியில் ஒரே வருஷத்தில் மூன்று முறை பின் ஷாஃப்டின் கிராஸ் என்னும் சிலுவை வடிவ இணைப்பு போயிற்று. மூன்று முறையும் ஒரு பட்டறையில் புதிய கிராஸ் போட்டுக் கொடுத்தார்கள். வாங்கிய பணத்துக்கு வேலை செய்தார்கள் என்பதில் சந்தேகமில்லை, ஆனால் ஏன் போயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. நான்காவது முறை ரிவர்ஸ் போடும்போதெல்லாம் அடியிலிருந்து ‘டக்’கென்று அடிக்கும் அந்தப் பழைய சப்தம் கிளம்பியபோது, நண்பர் வண்டியைப் போடியில் வேறொரு வயோதிக மேஸ்திரியிடம் கொண்டுபோனார். நானும் உடன் போயிருந்தேன்.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் என்ஜினின் சக்தி சக்கரத்தை அடையும் வழி நீண்டது. கிளட்ச்சைக் கடந்து, கியர் பாக்ஸுக்குள் புகுந்து, அதன் பின்புறம் ஒட்டிக்கொண்டிருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்னும் இரண்டாவது பெட்டியில் முன்னுக்கும் பின்னுக்குமாகப் பிரிந்து, இரண்டு ஷாஃப்டுகளின் வழியே இரண்டு அச்சுகளின் நடுவிலுள்ள கிரவுன் பினியன் என்னும் பல்சக்கர ஜோடியை அடைந்து, அங்கே பக்கவாட்டில் திரும்பிச் சக்கரங்களுக்குப் போகிறது. இந்த வழியில் மூன்று இடங்களில் வேகம் குறைந்து வலிமை பெருகுகிறது: முதல் கியரில் 2.8, டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ கியரில் 2.46, கிரவுன் பினியனில் 5.38. மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 37 வரும். அதாவது என்ஜின் 37 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும், முறுக்கு விசையும் அந்த அளவுக்குப் பெருகும். கிரவுன் பினியனுக்கு முன்னாலேயே, ஷாஃப்டுகள் ஏந்துவது என்ஜின் கொடுப்பதைப் போல் ஏழு மடங்கு. அந்த ஏழு மடங்கையும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் பகிர்ந்துகொள்கின்றனவா, அல்லது ஒன்றே தனியாகச் சுமக்கிறதா என்பதுதான் இந்தக் கதையின் உயிர்நாடி.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இந்த ஜீப்புகளின் கை பிரேக் சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறம், பின் ஷாஃப்ட் தொடங்குமிடத்தில் உள்ள ஒரு டிரம்மைத்தான் அது பிடிக்கிறது. ஆகையால் முன் அச்சு சேர்க்கப்படாமல் இருக்கும்போது பின் கிராஸ் முறிந்துபோனால், வண்டி இழுக்கும் சக்தியை இழப்பதோடு, மேட்டில் நிறுத்திப் பிடிக்கும் கை பிரேக்கையும் அதே க்ஷணத்தில் இழந்துவிடுகிறது. பின்னால் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டு இந்த வாக்கியத்தை மறுபடி படித்துப் பார்க்க வேண்டுகிறேன். கையளவே உள்ள அந்த இரும்புச் சிலுவையை அற்பமாக எண்ண என்னால் முடியவில்லை.

கிராஸ் என்பது நான்கு கைகள் கொண்ட எஃகுத் துண்டு. ஒவ்வொரு கையின்மேலும் ஊசிகளைப் போன்ற மெல்லிய உருளைகள் வரிசையாக நிற்கும் ஒரு கிண்ணம் கவிழ்ந்திருக்கும். ஸ்பிரிங் ஏறி இறங்கும்போது ஷாஃப்டின் கோணம் மாறினாலும் சுழற்சி தடைப்படாமல் கடந்து போக இது வழி செய்கிறது. இதன் தத்துவம் பல நூற்றாண்டுப் பழமையுடையது; அதை மோட்டார் வண்டிக்கு ஏற்றபடி அமைத்து, சங்கிலிகளுக்குப் பதிலாக ஷாஃப்டைக் கொண்டுவர 1903ல் அமெரிக்காவில் உரிமம் பெற்றவர் கிளாரன்ஸ் ஸ்பைசர். இரண்டாம் உலக யுத்த காலத்தில் வில்லீஸ், ஃபோர்டு ஆகிய இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளை உற்பத்தி செய்தபோது, அவற்றின் டிரான்ஸ்ஃபர் கேஸும் அவர் பெயரையே தாங்கியது. அதன் வம்சம்தான் நம் மலைகளில் இன்றும் ஏறி இறங்குகிறது. ஆனால் கோணத்தில் சுழலும் கிராஸுக்கு ஒரு ஸ்வபாவம் உண்டு: உள்ளே வருகிற சுழற்சி சீராக இருந்தாலும், வெளியே போகிற சுழற்சி ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை விரைந்து இரண்டு முறை தளரும். ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள கவைகள் ஒரே நேர்கோட்டில் இருந்தால், ஒரு முனையின் கோணலை மறுமுனை சரிசெய்துவிடும். ஷாஃப்டைக் கழற்றி மாட்டும்போது ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டாலும் இந்தச் சமன்பாடு குலைந்து நடுக்கம் உண்டாகும். மேஸ்திரி முதலில் பார்த்தது இதைத்தான். நண்பரின் வண்டியில், சரியாக மாட்டுவதற்கென்று ஷாஃப்டில் பொறித்திருக்கும் அம்புக்குறிகள் இரண்டும் நேராகவே இருந்தன.

அதன்பின் அவர் ஒரு பழைய தகரத் தட்டை அடியில் வைத்து, டிரான்ஸ்ஃபர் கேஸின் ஆயிலை இறக்கினார். வைத்தியர் நாடி பார்ப்பதைப்போல அந்த ஆயிலை அவர் விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்த நிதானம் இன்னும் என் கண்முன் நிற்கிறது. சாம்பல் நிறத்தில் மாவு போன்ற கசடு இருந்தால் அது சாதாரணத் தேய்மானம். பளபளக்கும் செதில்கள் இருந்தால், கடினமாக்கப்பட்ட கியர்ப் பல்லின் மேல்தோல் பெயர்கிறது. அந்தத் தோல் மிகவும் மெல்லியது, அது போனபின் உள்ளிருக்கும் மிருதுவான எஃகு விரைவில் கரைந்துவிடும். மஞ்சள் மினுக்கம் பித்தளை வாஷர்களின் அடையாளம்; காப்பி நிறத்தில் பால் கலந்தாற்போல் இருந்தால், ஆற்றைக் கடந்தபோது தண்ணீர் புகுந்திருக்கிறது. எங்கள் தட்டில் மஞ்சள் மினுக்கம் இருந்தது.

பிறகு இரண்டு ஷாஃப்டுகளையும் கழற்றி, பின் கிராஸையும் முன் கிராஸையும் துடைத்து, ஒரு சாக்கின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நான்கு மாதமே ஓடிய பின் கிராஸின் கைகளில் ஊசிகள் பதிந்த கோடுகள், நகத்தால் தடவினால் தடுக்குமளவுக்கு, வரிசை வரிசையாக இருந்தன. எத்தனையோ வருஷங்களாக மாற்றப்படாத முன் கிராஸோ கண்ணாடிபோல் வழவழவென்றிருந்தது. நாங்கள் எல்லோரும் தேய்ந்ததையே பார்த்துக்கொண்டிருக்க, அவர் தேயாததைக் கையில் எடுத்தார்.

“இதப் பாருங்கய்யா. மலை ஏறுன வண்டியோட முன் கிராஸா இது? முன் வீலு இழுத்திருந்தா இப்படி இருக்குமா?” என்றார். பிறகு டிரைவர் பையனைப் பார்த்து, “தம்பி, லோ போடும்போது முன் கம்பிய இழுக்கிறியா?” என்று கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டு, “இல்லண்ணே, லோ மட்டுந்தான்” என்றான்.

அந்தப் பதிலில் எல்லாம் அடங்கியிருந்தது. இந்த டிரான்ஸ்ஃபர் கேஸை வடிவமைத்தவர்கள், லோ கியரின் முழு முறுக்கும் பின் அச்சின்மேல் மாத்திரம் விழக் கூடாதென்று, முன் அச்சைச் சேர்த்தாலன்றி லோ கியர் விழாதபடி ஒரு பூட்டு வைத்திருந்தார்கள். இரண்டு ஷிஃப்டர் கம்பிகளுக்கும் நடுவே, வைத்தியர் கொடுக்கும் குளிகையைப் போன்ற சிறிய எஃகுத் துண்டு ஒன்று நின்று அந்தக் காவலைச் செய்கிறது. மேஸ்திரி மூடியைத் திறந்தபோது அந்தக் குளிகை அங்கே இல்லை.

அதை எடுத்தவர்களுக்கும் ஒரு காரணம் இருந்திருக்கிறது. வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட பாதையில் ஓடவேண்டும். இந்தப் பெட்டியில் அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட டிஃபரன்ஷியல் கிடையாது. சேற்றிலும் சரளையிலும் சக்கரம் சற்று வழுக்கித் தானே ஈடுசெய்துகொள்ளும், காய்ந்த தார் ரோட்டிலோ வழுக்க இடமின்றி முறுக்கு உள்ளேயே தங்கி, ஸ்டியரிங் கனத்து, திருப்பவே கை வலிக்கும். ஆள் பாரத்தோடு கொண்டையூசி வளைவில் லோ கியர் போட்டு ஏறிய டிரைவர் அந்தக் கனத்தைப் பற்றி முறையிட்டிருக்கிறான், பட்டறையில் குளிகையை எடுத்துவிட்டார்கள், ஸ்டியரிங் இலேசாயிற்று. அன்றுமுதல் ஏழு மடங்கு முறுக்கையும் பின் ஷாஃப்ட் ஒன்றே சுமக்கத் தொடங்கியது. ஒரு சிரமத்தைத் தீர்க்கப் போய், அதைவிடப் பெரிய அபாயத்தைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்துவிட்டார்கள். கனத்த ஸ்டியரிங் ஒரு நோயாக இருக்கவில்லை. தார் ரோட்டில் இந்தக் கியர் வேண்டாம் என்று வண்டி சொன்ன சொல் அது.

பெட்டியின் உள்ளே இன்டர்மீடியட் ஷாஃப்டும் தன் பங்குக்குத் தேய்ந்திருந்தது. நிலையாக நிற்கும் இந்தத் தண்டின்மேல் ஊசி உருளைகள் தாங்க ஒரு பெரிய கியர் சுழல்கிறது. தண்டு பள்ளம் விழுந்தால் கியர் சாய்ந்து ஆடும், போட்ட லீவர் தானே நழுவும். ஆதியில் முக்கால் அங்குலமாக இருந்த இந்தத் தண்டைப் பிற்காலத்தில் ஒன்றே அரைக்கால் அங்குலமாகவும், அதற்கும் பின் ஒன்றே கால் அங்குலமாகவும் கம்பெனியாரே தடிமனாக்கினார்கள். தேய்ந்து திரும்பி வந்தவற்றைப் பார்த்துப் பாடம் கற்றவர்கள் அவர்கள் என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான சாட்சி வேண்டியதில்லை. தண்டு, உருளைகள், இரு பக்கத்துப் பித்தளை வாஷர்கள் ஆகிய எல்லாவற்றையும் மேஸ்திரி ஒரே சமயத்தில் மாற்றினார்.

பின் அச்சைத் திறக்க நண்பர் முதலில் சம்மதிக்கவில்லை. செலவு ஏறிக்கொண்டே போயிற்று. ஆனால் அத்தனை பாரத்தையும் கிராஸுக்கு அடுத்தபடி ஏந்தியது பினியன்தானே. திறந்து பார்த்ததில் பினியனின் எட்டுப் பற்களில் இரண்டில் தோல் பெயர்ந்திருந்தது. கிரவுனில் 43 பல், பினியனில் எட்டுப் பல். இரண்டு எண்ணுக்கும் பொது வகுஎண் இல்லாதபடியால், சுழலச் சுழல ஒன்றின் ஒவ்வொரு பல்லும் மற்றதன் ஒவ்வொரு பல்லையும் முறை வைத்துச் சந்திக்கிறது. தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று உரசிப் பதப்படுத்தி, ஒரே எண் பொறித்து ஜோடியாக அனுப்புவார்கள். பினியன் மட்டும் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒன்றை மாற்றி மற்றதை வைத்துக்கொள்வது கூடாது என்பது என் திடமான அபிப்பிராயம். புதுப் பல்லைப் பழைய பல் தின்றுவிடும்.

சென்னைப் புதுப்பேட்டையிலிருந்து முதலில் வந்த ஜோடியை மேஸ்திரி பார்சலைப் பிரித்தவுடன் திருப்பி அனுப்பச் சொன்னார். அவர் செய்ததெல்லாம் பல்லை எண்ணியதுதான்: 39. யுத்த கால ஜீப்பின் 4.88 விகிதம் அது. அச்சுக்குள் அது ஒழுங்காகவே உட்காரும், வண்டியும் ஓடும். ஆனால் முன் அச்சு 5.38ஆக இருக்கும்போது பின் அச்சு 4.88ஆக இருந்தால், முன் கியரைச் சேர்த்த மாத்திரத்தில் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்து எதையாவது உடைத்தே தீரும். பழைய வண்டிக்குக் கிரவுன் பினியன் வாங்குகிற எவரும், கடைக்காரர் எவ்வளவு வேண்டியவராயினும், நின்று நிதானமாகப் பல்லை எண்ணிவிட்டே காசைக் கொடுக்க வேண்டும்.

சரியான ஜோடி வந்தபின் அதைப் பொருத்த ஒரு பகல் முழுதும் ஆயிற்று. பினியன் பேரிங்கின் இறுக்கத்தை, நூலைச் சுற்றி ஸ்பிரிங் தராசால் இழுத்துப் பார்த்தார். ஈயச் செந்தூரத்தை எண்ணெயில் குழைத்துக் கிரவுன் பற்களில் பூசிச் சுழற்றினார். செந்தூரம் விலகிய தடம் பல்லின் அடிவாரத்தில் விழுந்தால் பினியன் அதிகம் உள்ளே போயிருக்கிறது, உச்சியில் விழுந்தால் போதிய அளவு போகவில்லை. காகிதம்போன்ற ஷிம்களை ஒன்று கூட்டி ஒன்று குறைத்து, தடம் பல்லின் நடுவில் வந்து உட்காரும் வரை ஆறு முறை பிரித்து ஆறு முறை மாட்டினார். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே விடவேண்டிய இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து முதல் ஏழு பங்கு. ஏறக்குறைய இரண்டு தலைமயிரின் கனம். ஐந்தாம் முறையே எனக்குச் சரியாகத்தான் தோன்றியது. அவர் ஒப்பவில்லை.

கடைசியில், லேத்தில் கடைந்து வாங்கிய புதிய குளிகையைக் கம்பிகளுக்கு நடுவே போட்டு மூடியை இறுக்கினார். தார் ரோடு முடியும்வரை லோவைத் தொடக் கூடாது, தோட்டத்து மண்பாதையில் இரண்டு கம்பியையும் சேர்த்தே போடவேண்டும் என்று டிரைவர் பையனை மூன்று முறை சொல்ல வைத்தார்.

மறுநாள் நானும் அந்த வண்டியிலேயே ஏறினேன். மெட்டில் சாயா குடிக்க நிறுத்தியபோது, பையன் ஒரு வார்த்தையும் பேசாமல் ரிவர்ஸ் போட்டுக் கிளட்ச்சை மெல்ல விட்டான். பின்னால் உட்கார்ந்திருந்த பெண்களின் பேச்சுக் குரல் மட்டும் கேட்டது. இரண்டாவது கியரில் இலேசான ஓர் ஊளை இன்னும் இருக்கிறது. மழை விட்டபின் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் மேஸ்திரி.