கமாண்டிங் ஆபீஸர் பதவிக்கு ஒரு மனு

நம் வீட்டுப் பிள்ளை ஒருவன், "நான் கமாண்டிங் ஆபீஸர் பதவிக்கு மனுப் போடப் போகிறேன்" என்று சொன்னால் நாம் என்ன நினைப்போம்? பட்டாளத்தில் சேரப் போகிறான் என்றுதான். என் மருமகளும் அப்படித்தான் நினைத்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் பேரன் சொன்னதோ ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில் உள்ள பதவியை. விஷயம் தெரிந்ததும் கவலை கோபமாயிற்று. "விளையாட்டுக்குக்கூடவா அப்ளிகேஷன்?" என்றாள். சங்கத்துக்கு வரும் வேறு சில பெற்றோரும் இதே கேள்வியைக் கேட்டார்கள். ஆகவே பேரனிடம் கேட்டும், அவன் ஆடும்போது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தும், அவன் எழுதிய மனுவைப் படித்தும் நான் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

ஆட்டத்தின் பெயர் ஸ்பேஸ் ஸ்டேஷன் 13. 2003-இல் வெளிவந்தது. பையாண்ட் என்ற இலவச மென்பொருளின் மேல் ஓடுகிறது. ஒரு விண்வெளி நிலையத்தின் அறைகளுக்குள் காற்று எப்படிப் பரவும், சுவர் உடைந்தால் அழுத்தம் எப்படி இறங்கும் என்று கணக்கிட்டுக் காட்டும் முயற்சியாகத்தான் இது ஆரம்பித்ததாம். அதைக் கேட்டதும் எனக்கு இதன்மேல் கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது. பின்னர் அதன் நிரல் பலர் கைக்கும் போய், ஒவ்வொரு கூட்டத்தாரும் தங்கள் விருப்பப்படி மாற்றித் தனித்தனி ஆட்டங்களாக நடத்தி வருகிறார்கள். நடத்துகிறவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். சினிமா மாதிரிப் படம் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மொட்டை மாடியிலிருந்து கீழே பார்ப்பதுபோல் கட்டம் கட்டமாகத் தரை, அதில் சுண்டுவிரல் நகம் அளவில் மனிதர்கள், அவ்வளவுதான்.

இப்படிக் கிளைத்த ஆட்டங்களில் பேரன் ஆடுவது 'காலனியல் மரீன்ஸ்'. 1986-இல் ஜேம்ஸ் கேமரூன் எடுத்த 'ஏலியன்ஸ்' படத்தின் உலகம் இது. தொலைதூரத்துக் குடியிருப்பு ஒன்றிலிருந்து அபாய அழைப்பு வருகிறது. அல்மேயர் என்ற போர்க்கப்பல் அங்கே போகிறது. கீழே பயங்கரமான ஜந்துக்கள், தேன்கூட்டில் உள்ளதுபோல ஒரு ராணியின்கீழ் காத்திருக்கின்றன. அந்த ஜந்துக்களாக ஆடுகிறவர்களும் எங்கோ ஒரு வீட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதர்களே. (இந்தப் படவரிசையில் கப்பல்களுக்கு ஜோசப் கான்ராடின் கதைகளிலிருந்து பெயர் எடுப்பது வழக்கம். 1979-இல் வந்த முதல் படத்தின் கப்பல் நாஸ்ட்ரோமோ. அல்மேயர், 1895-இல் வந்த கான்ராடின் முதல் நாவலின் நாயகன். கனவு கண்டே வாழ்க்கையைக் கோட்டைவிட்டவன். போர்க்கப்பலுக்கு அவன் பெயரை வைத்தவர் குறும்புக்காரராக இருக்க வேண்டும்.)

ஒரு ஆட்டம் இரண்டு, மூன்று மணி நேரம் ஓடும். ஒரே சமயத்தில் நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். எல்லாரும் துப்பாக்கி தூக்குவதில்லை. டாக்டர் உண்டு, எஞ்சினியர் உண்டு, ஸ்டோர்ஸ் பார்ப்பவர் உண்டு, ராணுவப் போலீஸ் உண்டு, சமையற்காரர்கூட உண்டு. ஏற்ற வேடத்துக்குரிய முறையிலேயே பேச வேண்டும், நடக்க வேண்டும். நம் ஊர்க் கூத்தில் ராஜபார்ட் கட்டியவர் விடியும்வரை ராஜாவாகவே நிற்பார் அல்லவா, அப்படி. வேடத்தை மறந்துவிட்டு "நேற்று கிரிக்கெட் பார்த்தாயா" என்று பேசினால் கண்டிப்பார்கள்.

இனி மனுவுக்கு வருகிறேன். பெரும்பாலான பதவிகள், இத்தனை மணி நேரம் ஆடினால் தாமாகத் திறந்துகொள்ளும். கப்பலின் தலைமைப் பதவியான கமாண்டிங் ஆபீஸர் அப்படித் திறக்காது. அதற்கு 'ஒயிட்லிஸ்ட்' என்னும் அனுமதிப் பட்டியலில் பெயர் ஏற வேண்டும். பெயர் ஏற மனுப் போட வேண்டும். அந்த மனுவை எல்லாரும் படிக்கலாம். உடன் ஆடியவர்கள் ஆதரித்தோ மறுத்தோ காரணத்துடன் கருத்துச் சொல்லலாம். பிறகு இதற்கென உள்ள ஒரு குழு வாக்களித்து முடிவு செய்யும். காசு கொடுத்து வாங்க வழியில்லை. நன்றாகச் சுடுகிறவன் என்பதற்கும் மதிப்பெண் இல்லை.

ஏன் இவ்வளவு கெடுபிடி? எனக்கு இது உடனே விளங்கியது. ரயில்வேயில் செக்‌ஷன் கண்ட்ரோலர் என்று ஒருவர் இருப்பார். அவர் உட்கார்ந்திருக்கும் அறையிலிருந்து ஒரு ரயில்கூடக் கண்ணுக்குத் தெரியாது. என் காலத்தில் எதிரே ஒரு பெரிய சார்ட், கையில் பென்சில், காதில் டெலிபோன். ஒவ்வொரு ஸ்டேஷன் மாஸ்டரும் சொல்லும் நேரத்தைக் கோடாக இழுத்து, எந்த வண்டியை எங்கே நிறுத்துவது, எதை முன்னே விடுவது என்று முடிவு செய்வார். தண்டவாள வேலைக்காக இரண்டு மணி நேரம் பிளாக் வேண்டும் என்று நான் அவரிடம் மன்றாடிய நாட்கள் உண்டு. அவர் தப்பாகக் கணக்குப் போட்டால், வெயிலில் காத்திருக்கும் என் கேங்மேன்கள் முதல் மெயில் வண்டியில் வரும் கைக்குழந்தை வரை அத்தனை பேருக்கும் கஷ்டம். அல்மேயர் கப்பலின் தலைவரும் இதே நிலையில்தான் இருக்கிறார். சண்டை கீழே நடக்கிறது. அவர் மேலே கட்டுப்பாட்டு அறையில், ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா என்ற நான்கு படைப்பிரிவுகளும் வானொலியில் ஒரே நேரத்தில் கத்துவதைக் கேட்டுக்கொண்டு, சிப்பாய்களின் தலைக்கவசக் காமிராவில் தெரியும் துண்டுக் காட்சிகளை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். ஒரு சிப்பாய் மோசமாக ஆடினால் அவனோடு போயிற்று. தலைவர் மோசமாக ஆடினால் நூறு பேருடைய ஒரு மாலைப் பொழுது வீணாகும்.

இதைவிடக் கனமான காரணம் ஒன்றும் உண்டு. போர்க்களத்தில், படையையே ஆபத்தில் தள்ளும் ஒருவனை விசாரணையில்லாமல் அந்த இடத்திலேயே சுட்டுக் கொல்லும் அதிகாரம் இந்தத் தலைவருக்குத் தரப்பட்டிருக்கிறது. விளையாட்டுத்தானே என்று நாம் நினைக்கலாம். ஆனால் சுடப்பட்டவன் நிஜத்தில் ஒரு மனிதன். ஒரு மணி நேரம் ஆசையாக ஆடிக்கொண்டிருந்தவன். சுட்டபின் அவன் பெரும்பாலும் ஆவியாக மிதந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். இந்த அதிகாரத்தைக் கோபத்திலோ வேடிக்கைக்கோ பயன்படுத்தினால் பதவி பறிபோகும்.

ஆகவே மனுவில் இதைப் பற்றி என்ன எழுதுகிறான் என்பதை எல்லாரும் கூர்ந்து படிப்பார்கள். பேரன் முதலில் எழுதிய வரைவில், எந்தெந்தச் சமயத்தில் சுடுவேன் என்று ஐந்து சந்தர்ப்பங்களை வரிசையாக அடுக்கியிருந்தான். படிக்க வீரமாகத்தான் இருந்தது. நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "நீ யார் யார் கீழே ஆடினாயோ, அவர்களில் நல்ல தலைவர் என்று நீ நினைப்பவர் எத்தனை பேரைச் சுட்டார்?" அவன் யோசித்துவிட்டு, "நான் பார்த்து ஒருவரையும் இல்லை தாத்தா. போலீஸைக் கூப்பிட்டு உள்ளே போடச் சொல்வார்" என்றான். அந்தப் பகுதியை மறுபடி எழுதினான். முதலில் வானொலியில் நேர் உத்தரவு, கேட்காவிட்டால் ஆயுதத்தை வாங்கிக்கொண்டு பிரிவிலிருந்து விலக்குதல், பிறகு ராணுவப் போலீஸ் மூலம் கைது, இவை எதற்கும் அவகாசமில்லாமல் அடுத்த அரை நிமிஷத்தில் மற்றவர்கள் சாவார்கள் என்ற நிலையில் மட்டும் துப்பாக்கி என்று இரண்டாம் வரைவில் இருந்தது. முதல் வரைவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

மனுவில் கேட்கும் மற்ற விஷயங்களின் சாரத்தையும் சொல்லிவிடுகிறேன் (கேள்விகளின் வாசகம் அவ்வப்போது மாறும்). எந்தெந்தப் பொறுப்பில் எவ்வளவு காலம் ஆடியிருக்கிறாய் என்பது ஒன்று. துணைத் தலைவராகவோ, கட்டுப்பாட்டு அறை அதிகாரியாகவோ பழக்கமில்லாதவன் நேரே தலைமைக்கு மனுப் போடுவது, ட்ராலியில் ஏறாதவன் தண்டவாளத்துக்கு ஃபிட் சர்ட்டிபிகேட் கொடுப்பது மாதிரி. இதற்கு முன் தண்டனை பெற்றதுண்டா என்பது இன்னொன்று. நமக்கு சர்வீஸ் ஷீட் இருந்ததுபோல் அங்கேயும் நிர்வாகிகளிடம் ஒவ்வொருவர் பேரிலும் குறிப்பு இருக்கும். ஆகவே மறைப்பதில் பயனில்லை. எப்போது நடந்தது, எதற்காக, அதற்குப் பின் எப்படி ஆடுகிறேன் என்று நேராக எழுதிவிடுவதே புத்தி. "நான் பிறவித் தலைவன்" என்பதுபோன்ற வாக்கியங்களை யாரும் சட்டை செய்ய மாட்டார்கள். தோற்றுப் போன ஒரு ஆட்டத்தை எடுத்து, அதில் எந்தச் செய்தி தாமதமாக வந்தது, எந்தப் பிரிவை எப்போது பின்வாங்கச் சொன்னேன், ஏன் என்று எழுதினால் படிப்பார்கள்.

ஏற்கப் போகும் பாத்திரத்தின் வாழ்க்கைக் குறிப்பும் கேட்கிறார்கள். பையன்கள் வழுக்கி விழும் இடம் இது. இருபத்து மூன்று வயதில் ஏழு போர்களில் வென்றவன், குடும்பம் முழுவதையும் ஜந்துக்களுக்குப் பலி கொடுத்துச் சபதம் எடுத்தவன் என்றெல்லாம் நம் பழைய சினிமாக் கதாநாயகன் மாதிரி எழுதிவிடுகிறார்கள். நடுத்தர வயது, படிப்படியாக வந்த பதவி, ஒன்றிரண்டு குறைகள், இரண்டொரு பழக்கங்கள் இருந்தால் ஆளை நம்பலாம். பேரனுடைய அதிகாரி கப்பலின் சப்ளை பிரிவிலிருந்து மேலே வந்தவர். வெடிமருந்துக் கணக்கை இரண்டு தடவை சரிபார்க்காமல் படையைக் கீழே இறக்க மாட்டார். மாதிரி எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

'மெட்டாகேமிங்' என்ற ஒரு சொல்லையும் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது. ஆடுபவனுக்குத் தெரிந்திருந்தாலும் பாத்திரத்துக்குத் தெரிய வழியில்லாத ஒன்றை வைத்து முடிவெடுப்பது அது. ஜந்துக்களாகப் பலமுறை ஆடிய பேரனுக்கு, ராணி எந்த மாதிரி இடத்தில் கூடு கட்டும் என்பது அத்துப்படி. ஆனால் முதன்முறை அந்தக் கிரகத்துக்கு வரும் அதிகாரிக்கு அது எப்படித் தெரியும்? முதலில் வேவு பார்க்க ஆள் அனுப்பி, செய்தி வந்த பிறகுதான் படையை நகர்த்த வேண்டும். தெரிந்ததைத் தெரியாததுபோல் வைத்துக்கொள்வது இளவயதில் லேசான காரியமில்லை.

இது இன்று முளைத்த வழக்கமும் அல்ல. எழுத்தினாலேயே ஆடும் ஸ்டார் ட்ரெக் கூட்டங்களில், 1994-இல் தொடங்கிய ஸ்டார்பேஸ் 118 போன்றவற்றில், கீழ்நிலை அதிகாரியாகச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்துதான் கப்பலின் தலைமைக்குப் போக முடியும்.

இனி வீட்டுப் பக்கம். பணச் செலவு இல்லை. நேரச் செலவு உண்டு. அமெரிக்காவின் மாலை நேரம் நமக்கு விடியற்காலை. பேரன் காலை ஐந்து மணிக்கு விளக்கைப் போடுவதைப் பார்த்து, பரீட்சைக்குப் படிக்கிறான் என்று அவன் அம்மா மூன்று மாதம் காபி போட்டுக் கொடுத்திருக்கிறாள். சிப்பாயாக ஆடும்போது நடுவில் எழுந்து போகலாம். தலைவராக ஏற்றபின் "சாப்பிட வா" என்றதும் எழுந்து வர முடியாது. பொறுப்பைத் துணைத் தலைவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் எழ வேண்டும். ஆகவே வாரத்தில் எந்த இரண்டு நாட்கள் என்று வீட்டில் முதலிலேயே பேசி முடிவு செய்துகொள்வது நல்லது. எங்கள் வீட்டில் சனி, ஞாயிறு என்று தீர்மானமாயிற்று. கல்லூரித் தேர்வு மாதங்களில் அதுவும் இல்லை.

இரத்தம் சிந்துவது உண்டு, பேச்சும் எப்போதும் நாகரிகமாக இராது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். வயது வந்தவர்கள் விஷயம் வேறு. மனுவை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும், ஆனால் அலங்கார ஆங்கிலம் தேவையில்லை. எந்த ஊர், என்ன ஜாதி, அப்பாவுக்கு என்ன உத்தியோகம் என்று யாரும் கேட்பதில்லை. வானொலியில் அவன் சுருக்கமாக உத்தரவு போடுவதும், மறுமுனையில் முகம் தெரியாத ஒருவர் "ஐயா, நகர்கிறோம்" என்ற பொருளில் பதில் எழுதுவதும் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

மனு ஏற்கப்பட்டாலும் பட்டியலில் பெயர் நிரந்தரமில்லை. முறைகேடாக நடந்தால் எடுத்துவிடுவார்கள். மறுக்கப்பட்டால் காரணத்தைப் படித்துவிட்டுப் பின்னர் மறுபடி எழுதலாம்.

பேரனுடைய மனு இன்னும் போகவில்லை. எங்கள் பகுதியில் கோடைக் காலத்தில் விடியற்காலையில் கரண்ட் போவது வழக்கம். நூறு பேரைக் கீழே இறக்கிவிட்டுத் தலைவர் திடீரென்று காணாமல் போனால் அவர்களுக்குக் காரணமா தெரியப் போகிறது? இன்வெர்ட்டரிலிருந்து ரௌட்டருக்குத் தனி லைன் இழுக்க எலெக்ட்ரீஷியனுக்குச் சொல்லியிருக்கிறேன். அது முடிந்த பிறகு அனுப்பட்டும்.