யாழ்ப்பாணத்துக் கணினிப் பயிலுநர்கள்: வேலைக்கும் படிப்புக்கும் இடையே

யாழ்ப்பாணத்தில் கணினி படிப்பவர் ஒரு மென்பொருள் நிறுவனத்துக்குள் பயிலுநராக நுழைவது இரண்டு விதமாக நடக்கிறது. ஒன்றில், படிப்பே மாணவரை வேலைக்கு அனுப்பிவைக்கிறது. மற்றதில், வேலைக்குப் போய்க்கொண்டே அவர் பட்டத்துக்குப் படிக்கிறார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் சுமை ஒன்றல்ல.

1974இல் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உள்வாரி மாணவர்கள் முதல் வகையினர். கணினி விஞ்ஞானத் துறை திருநெல்வேலி வளாகத்தில் இருக்கிறது. பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில். இத்தகைய பட்டப்படிப்புகளில் கைத்தொழிற் பயிற்சி பாடத்திட்டத்தின் ஒரு பகுதி, பெரும்பாலும் ஆறு மாதம். அந்த மாதங்களில் விரிவுரைகள் இல்லாததால் மோதலும் குறைவு. நாளாந்தப் பதிவேட்டை எழுதி மேற்பார்வையாளரிடம் கையொப்பம் வாங்குவது, முடிவில் அறிக்கை சமர்ப்பிப்பது ஆகியவைதான் மிஞ்சும். பதிவேட்டைக் கடைசி வாரத்தில் ஒரே மூச்சில் நிரப்புவோரும் இல்லாமலில்லை.

நெருக்கடி முழுவதும் இரண்டாவது வகையில்தான். உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழக அனுமதிக்கு வேண்டிய வெட்டுப்புள்ளி கிடைக்காதவர்களுக்கு வெளிவாரிப் பட்டம் ஒரு வழி. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம் மூன்று ஆண்டுகளைக் கொண்டது. முதலாண்டு முடிந்தால் டிப்ளோமா, இரண்டாமாண்டு முடிந்தால் உயர் டிப்ளோமா என்று இடையிலேயே இறங்கிக்கொள்ளவும் இடமுண்டு. வேலையில் இருப்பவருக்கு இது பெரிய ஆறுதல். பாதியில் நிறுத்த நேர்ந்தாலும் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும். இன்னொரு வழியான இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்துக்குக் கொக்குவிலில் பிராந்திய நிலையம் உண்டு. அங்கே ஒப்படைகளிலும் இடைத்தேர்வுகளிலும் போதிய புள்ளி பெற்றால்தான் இறுதிப் பரீட்சைக்கு அமர முடியும். ஆகவே நிறுவனத்தில் வேலை நெருக்கும் ஒரு மாதம் படிப்பை ஓர் ஆண்டு பின்தள்ளிவிடலாம்.

போர் முடிந்த 2009க்கு முன்னர் இப்படி வேலையையும் படிப்பையும் சேர்த்து நடத்துவது பற்றி யாழ்ப்பாணத்தில் பேசவே முடியாதிருந்தது. மென்பொருள் வேலை என்றால் கொழும்பு. ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரம். போருக்குப் பின்பும் கொழும்பில் வாடகை அறை எடுத்தால் பயிலுநர் கொடுப்பனவு அதற்கே போய்விடும். பின்னர் யாழ் ஐடி ஹப் போன்ற தன்னார்வ அமைப்புகள் போட்டிகளும் பயிற்சிகளும் நடத்தத் தொடங்கின. சில நிறுவனங்கள் யாழ்ப்பாணத்தில் கிளை திறந்தன, இங்கேயே பிறந்த நிறுவனங்களும் வந்தன. 2020இல் கொரோனா வீட்டிலிருந்து வேலை செய்வதை வழமையாக்கியதும் கொழும்பு நிறுவனத்துக்கு யாழ்ப்பாணத்து உரும்பிராயிலிருந்தே வேலை செய்யலாம் என்ற நிலை உருவானது. ஆனால் 2022இல் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, வீட்டிலிருந்த பயிலுநரின் வேலையும் படிப்பும் ஒருசேர நின்றன.

நேரம் போதாமையை விட நேரத்தின் ஒழுங்கின்மையே அதிகம் படுத்துகிறது. வாடிக்கையாளர் இங்கிலாந்தில் இருந்தால் அவர்களுடைய காலை ஒன்பது மணி இங்கே கோடையில் பிற்பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. அவர்கள் மாலை ஐந்துக்கு அனுப்பும் திருத்தம் இங்கே இரவு ஒன்பதரைக்குப் பின்னர்தான் வரும். இரவை நம்பிப் படிக்கத் திட்டமிடுபவர் தோற்பது பெரும்பாலும் இதனால்தான். காலைப் பொழுதைப் படிப்புக்கென்று ஒதுக்குவது அத்தகைய நிறுவனங்களில் கூடுதலாகப் பலன் தரும்.

பாடசாலையில் தமிழ்மொழி மூலம் படித்தவர் பட்டப் பரீட்சையை ஆங்கிலத்தில் எழுதவேண்டும். இந்த இடத்தில் வேலை படிப்புக்குக் கைகொடுக்கிறது. கிட் (Git) என்ற நிரல் பதிவுக் கருவியில் செய்த மாற்றத்துக்கு விளக்கம் எழுதுவது, வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் அனுப்புவது, காலை ஸ்டாண்ட்-அப் கூட்டத்தில் நேற்றைய வேலையைச் சொல்வது எல்லாம் ஆங்கிலப் பயிற்சியே. தரவுத்தளம், மென்பொருள் சோதனை போன்ற பாடங்களும் வேலையில் பார்த்த பின்னர் எளிதாகின்றன. கணிதமும் கோட்பாட்டுப் பாடங்களும் அப்படியல்ல. அவற்றை அலுவலகம் கற்றுத்தராது. தனியே உட்கார்ந்து படிக்கத்தான் வேண்டும்.

வேலையையும் படிப்பையும் முறைப்படி இணைக்கும் வழியும் உண்டு: கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957இல் தொடங்கியபோதே படிப்புத் தவணையையும் வேலைத் தவணையையும் மாறிமாறி அமைத்தது. அங்கே கால அட்டவணையைப் பல்கலைக்கழகமே வகுத்துத் தருகிறது. இங்கே வெளிவாரி மாணவர் அதைத் தாமே நிறுவனத்துடன் பேசித் தீர்க்கவேண்டியிருக்கிறது. சேரும்போது தரப்படும் கடிதத்தில் வேலை நேரம், கொடுப்பனவு, பரீட்சை விடுமுறை மூன்றும் எழுத்தில் இருப்பது அவசியம். வாய்ப்பேச்சில் ஒத்துக்கொண்ட விடுமுறை, மேலாளர் மாறினால் செல்லாமற் போகும்.

இறுதியாண்டுச் செயற்றிட்டத்தை அலுவலக வேலையிலிருந்தே எடுக்கலாமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. நிறுவனத்தில் எழுதிய நிரலும் வாடிக்கையாளரின் தரவும் பொதுவாக ஒப்பந்தப்படி மாணவருக்குச் சொந்தமல்ல. அவற்றை அறிக்கையில் சேர்க்க எழுத்துமூல அனுமதி வேண்டும். அனுமதி கிடைக்காத இடத்தில், அலுவலகத்தில் கண்ட அதே சிக்கலை எடுத்துக்கொண்டு, தாமே உருவாக்கிய மாதிரித் தரவில் புதிதாக நிரல் எழுதி அதற்குத் தீர்வு காணலாம்.