மன்னிப்பும் பரிகாரமும்

நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டியவை எத்தனை என்று நம் பாட்டிமாரைக் கேட்டால், தயங்காமல் ஐந்து என்பார்கள்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிப் பாவம் செய்வதில்லை என்னும் பிரதிக்கினை, குருவிடம் பாவங்களை அறிக்கையிடுதல், அபராதம் தீர்த்தல். ஞானோபதேசத்தை மனப்பாடம் செய்த தலைமுறை அது! இன்று நாம் ஒப்புரவு அருட்சாதனம் என்கிறோம். பெயர் மாறியதேயன்றி இந்த ஐந்தும் மாறவில்லை.

இவற்றுள் நாம் இலேசாக எண்ணுவது ஐந்தாவதைத்தான். குருவானவர் சொன்ன மூன்று அருள் நிறைந்த மரியே செபங்களை முழந்தாளிட்டுச் சொல்லிவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று எழுந்துவிடுகிறோம். பிறகு நம் கவனமெல்லாம் வாசலில் விட்ட செருப்பின் மேல்தான்.

பாவம் கடவுளோடு நமக்குள்ள உறவை முறிக்கிறது. அதோடு, பிறருக்குச் சேதத்தையும் விளைவிக்கிறது. முறிந்த உறவைப் பாவமன்னிப்பு சரிசெய்கிறது. அதற்கு நாம் கொடுக்கும் விலை எதுவுமில்லை. ஆண்டவர் சிலுவையில் கொடுத்தாயிற்று. ஆனால் சேதம் அப்படியே நிற்கிறது. மன்னிப்புப் பெற்றவர் தம்மால் இயன்ற மட்டும் அதைச் சீர்செய்ய வேண்டும் என்று 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் கூறுகிறது.

தோழியின் பேனாவைத் திருடியதாக அறிக்கையிட்டு வந்த பிறகும் பேனா நம் பெட்டியில்தானே இருக்கிறது? அதைத் திருப்பிக் கொடுப்பதாவது எளிது. அவளைப் பற்றி ஒரு பொய்க்கதை கட்டிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அது வகுப்பைத் தாண்டி, விடுதியைத் தாண்டி, அவள் வீடு வரை போய்விட்டது. அவளுடைய நற்பெயரைத் திருப்பிக் கொடுப்பது எப்படி? யார் யாரிடம் சொன்னோமோ அவர்களிடமே போய், "நான் சொன்னது பொய்" என்று சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. இதைவிட ஐம்பத்து மூன்று மணிச் செபத்தைப் பத்து முறை சொல்லிவிடலாம் போலத் தோன்றும்!

அப்படியானால் மீட்பை நாம் உழைத்துச் சம்பாதிக்கிறோமா? இல்லை. புனித லூக்கா இருவரைக் காட்டுகிறார். நல்ல கள்ளனுக்கு எதையும் ஈடுசெய்ய நேரமில்லை. கையும் காலும் சிலுவையில். ஆயினும் அன்றைக்கே அவனுக்கு வான்வீடு வாக்களிக்கப்பட்டது. சக்கேயுவுக்கோ நேரமும் இருந்தது, பணமும் இருந்தது. ஏமாற்றியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னார். ஆண்டவர் அவர் வீட்டுக்கு வருவதாகச் சொன்ன பிறகுதான் அந்தச் சொல் பிறந்தது என்பதைக் கவனிப்போம். பரிகாரம் மன்னிப்பின் விலையன்று, அதன் கனி.

புனித மரிய கொரெற்றியின் வரலாற்றை நாம் அறிவோம். 1902 ஜூலை 5-ஆம் நாள், இத்தாலியில், அதே வீட்டில் குடியிருந்த இருபது வயது அலெக்ஸாண்டர், தன் தீய எண்ணத்துக்கு இணங்காத அந்தப் பதினொரு வயதுச் சிறுமியைக் குத்தினான். மறுநாள், அவனை மன்னிப்பதாகச் சொல்லி அவள் உயிர் துறந்தாள். நம் கதைகள் பெரும்பாலும் இங்கே நின்றுவிடுகின்றன. அதற்குப் பின் நடந்ததை அவ்வளவாகப் பேசுவதில்லை.

அவள் மன்னித்ததால் வழக்கு நிற்கவில்லை. அவனுக்கு 30 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 27 ஆண்டுகள் அனுபவித்தான். முதலில் மனம் வருந்தவேயில்லை. மரியா தனக்கு லீலி மலர்கள் தருவதாகச் சிறையில் கண்ட கனவுதான் தன்னை மாற்றியது என்று பிற்காலத்தில் அவரே கூறினார்.

மன்னிப்பது என்றால் நடந்ததை மூடி மறைப்பது என்று நம் சிறுமியர் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம். யாரேனும் தகாத முறையில் நடந்தால், தாயிடமோ, ஆசிரியையிடமோ, அருட்சகோதரியிடமோ உடனே சொல்வது மன்னிப்புக்கு விரோதமானதன்று. கேட்கும் பெரியவர்களும், "போகட்டும், மன்னித்துவிடு" என்று சிறுமியின் வாயை அடைப்பது நியாயமாகாது. மன்னிப்பு அவள் உள்ளத்தில் பிறக்க வேண்டியது. அதைப் பிறர் கட்டளையிட முடியாது.

1929-இல் விடுதலையான அலெக்ஸாண்டர், பின்னர் ஒரு கிறிஸ்து பிறப்பு விழாவின்போது மரியாவின் தாய் அசுந்தா அம்மாளைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டார். என் மகளே மன்னித்தபின் நான் எப்படி மறுப்பேன் என்றார் அந்தத் தாய். இருவரும் அருகருகே நின்று நற்கருணை வாங்கினார்கள். மரியா 1950 ஜூன் 24 அன்று புனிதராக உயர்த்தப்பட்டபோது அசுந்தா அம்மாள் உரோமையில் இருந்தார். அலெக்ஸாண்டர் கப்புச்சின் மடத்தில் தோட்ட வேலை செய்து வாழ்ந்து, 1970 மே 6 அன்று இறந்தார்.